தடிமன் காலத்தில் அப்பச்சோடா: கொப்பளிக்கலாம், குடிக்கக் கூடாது

கார்த்திகை பிறந்து வடகீழ்ப் பருவமழை வலுக்கத் தொடங்கினால், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் தடிமன் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஒருவருக்கு மூக்கு ஒழுகும், இன்னொருவருக்குத் தொண்டை நோகும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இரவெல்லாம் இருமும். அந்த நேரத்தில்தான் எங்கிருந்தோ ஒரு குரல்பதிவும் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்கிறது: சுடுநீரில் அப்பச்சோடாவைக் கரைத்துத் தேசிக்காய்ப் புளி விட்டுக் குடித்தால் உடம்பிலுள்ள வைரஸ் செத்துவிடுமாம். அப்பத்துக்கு மாப் புளிக்க வைக்கும் வீடுகளில் சோடா எப்போதும் இருப்பதால், கேட்டவர் உடனே செய்தும் பார்த்துவிடுகிறார்.

வீட்டில் ஒருவருக்குச் சளிக்காய்ச்சல் வந்து, அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முதன்முதலாக ஏற்றிருப்பவருக்காக இதை எழுதுகிறேன். அப்பச்சோடாவைத் தள்ளிவிடச் சொல்வது என் நோக்கமன்று. தொண்டைக்கும் மூக்குக்கும் வெளியிலிருந்து செய்யும் கழுவலில் அதற்கு ஒரு சிறிய, பயனுள்ள இடம் உண்டு. அந்த இடத்தைத் தாண்டி வயிற்றுக்குள் போகும்போதுதான் அது வினையாகிறது.

சோடா எதைச் செய்கிறது, எதைச் செய்யாது

அப்பச்சோடா என்பது சோடியம் பைகாபனேற்று. நீரில் கரைத்தால் மென்மையான காரத்தன்மை தரும். புளிப்பா காரமா என்பதைக் காட்டும் அதன் பிஎச் அளவு 8.3 அளவில் நிற்கும். தொண்டையில் ஒட்டிக்கிடக்கும் தடித்த சளியை இளக்கவும், வாயின் புளிப்பைத் தணிக்கவும், உப்புநீரின் உறைப்பைக் குறைக்கவும் இந்த இலேசான காரம் உதவுகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையால் வாய் புண்ணானவர்களுக்கு உப்பும் சோடாவும் கலந்த நீரால் கொப்பளிக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

வைரஸின் கதை வேறு. அது தொண்டையின் மேற்பரப்பில் தூசியைப் போலப் படிந்து கிடப்பதில்லை. நமது உயிரணுக்களுக்குள் புகுந்து, அங்கேயே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. கொப்பளிக்கும் நீர் அங்கே எட்டாது. குடித்தால் இரத்தம் முழுவதும் காரமாகி வைரஸ் அழியும் என்ற வாதமும் நிற்காது. இரத்தத்தின் பிஎச் அளவை 7.35 முதல் 7.45 வரையான மிகக் குறுகிய எல்லைக்குள் நுரையீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகக் காத்து நிற்கின்றன. நாம் கூடுதலாக விழுங்கும் பைகாபனேற்றைச் சிறுநீரகம் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். வெளியேற்ற முடியாத அளவுக்கு விழுங்கினால் வருவது சுகமன்று, இரத்தம் மிதமிஞ்சிக் காரமாகும் ஆபத்தான நிலை.

1918 ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய ஸ்பானியக் காய்ச்சலையே சோடாவால் வென்றார்கள் என்ற கதையும் சுற்றுகிறது. அப்பச்சோடா விற்ற ஓர் அமெரிக்கக் கம்பனி 1920களில் வெளியிட்ட விளம்பரக் கைநூல்களில் இத்தகைய பேச்சு இருந்தது உண்மை. ஆனால் சோடா குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த கணக்கு அதில் இல்லை. அந்தக் காய்ச்சல் வந்தவர்களில் பெரும்பாலோர் தாமாகவே சுகமடைந்தார்கள் என்பதை மறந்துவிட்டால், அவர்கள் அந்த வாரம் எதைக் குடித்தார்களோ அதுவே மருந்தாகத் தெரியும். சரக்கை விற்பவனே அதன் குணத்துக்குச் சாட்சி சொன்னால் எவ்வளவு நம்புவோமோ, அவ்வளவே இதையும் நம்பலாம்.

கழுவலுக்கு ஆதரவான சான்று கொஞ்சம் உண்டு. 2005 ஆம் ஆண்டு வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், நோயில்லாத 387 பேரில் நாள்தோறும் வெறும் நீரால் தொண்டையைக் கொப்பளித்த பிரிவினருக்குத் தடிமன் குறைவாக வந்தது. 2019 இல் வெளியான எடின்பரோவின் சிறிய முன்னோடி ஆய்வில், உப்புநீரால் மூக்கைக் கழுவித் தொண்டையையும் கொப்பளித்தவர்களுக்குத் தடிமன் ஏறத்தாழ இரண்டு நாள் முன்னதாகவே விட்டது. முதலாவதில் வேலை செய்தது வெறும் நீர், இரண்டாவதில் உப்புநீர் என்பதைக் கவனிக்க வேண்டும். சோடா உப்புநீரைத் தொண்டைக்கும் மூக்குக்கும் இதமாக்கும் துணைப்பொருள் மட்டுமே.

முதலில் பொதியைப் பாருங்கள்

நமது பக்கத்துக் கடைகளில் அப்பச்சோடாவைச் சிறு பொலித்தீன் பைகளில் பிரித்துக் கட்டி, பெயர் ஒட்டாமல் விற்பதுண்டு. சமையலுக்கே அது சரியில்லை என்பேன். நோயாளிக்கு அறவே கூடாது. அதே வெள்ளை நிறத்தில், அதே அளவுப் பையில் சலவைச் சோடாவும் இருக்கக்கூடும். அது சோடியம் காபனேற்று; காரம் மிகக் கூடியது, வாயையும் தொண்டையையும் புண்ணாக்கிவிடும். தேசிக்காய்ச் சாறு விட்டு நுரைக்கிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சோதனை இங்கே உதவாது, ஏனெனில் புளி பட்டால் இரண்டுமே நுரைக்கும். பெயரும் காலாவதித் திகதியும் அச்சிட்ட பொதியை மட்டும் வாங்குங்கள்.

பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதில் சோடாவுடன் உலர்ந்த அமிலமும் மாவும் கலந்திருக்கும்; வெறும் இளஞ்சூட்டு நீரிலேயே பொங்கும். கேக்குக்கு அது நல்லது, தொண்டைக்கு வேண்டாம்.

தொண்டைக்குக் கொப்பளிக்கும் நீர்

ஒரு லீற்றர் நீரைக் கொதிக்க வைத்து மூடி ஆறவிடுங்கள். கையில் விட்டுப் பார்த்தால் சுடாத இளஞ்சூட்டுக்கு வந்த பிறகு, ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பும் ஒரு மட்டத் தேக்கரண்டி அப்பச்சோடாவும் இட்டுக் கலக்குங்கள். ஒருமுறைக்கு மட்டும் வேண்டுமானால் ஒரு பெரிய கோப்பை, அதாவது 250 மில்லிலீற்றர் நீருக்கு இரண்டிலும் கால் தேக்கரண்டி போதும். மட்டத் தேக்கரண்டி என்றால் கத்தியின் முதுகால் வழித்து விட்ட கரண்டி. நமது பெண்கள் அப்பமாவுக்குக் கிள்ளிப் போடுகிற கைக்கணக்கு இங்கே வேண்டாம்.

சோடாவை நீருடன் சேர்த்துக் கொதிக்க வைக்கக் கூடாது. கொதிக்கும்போது பைகாபனேற்று சிதைந்து, காபனீரொட்சைட்டு வாயு போய், எஞ்சுவது மேலே சொன்ன அதே காபனேற்றாகிவிடும். நல்ல சோடாவை நம் கையாலேயே சலவைச் சோடாவாக மாற்றித் தொண்டையில் விடுவதற்கு ஒப்பானது அது. நீர் ஆறிய பின் இடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஒரு மிடறு எடுத்து, தலையைச் சற்று அண்ணாந்து, தொண்டையில் கரகரவென்று ஒலி எழ அரை நிமிடம் வைத்திருந்து துப்ப வேண்டும். கோப்பை முடியும்வரை இப்படியே செய்து, நாளொன்றுக்கு நான்கு, ஐந்து முறை திரும்பச் செய்யலாம். தவறுதலாகச் சிறிது விழுங்கிவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. விழுங்குவதையே வழக்கமாக்கக் கூடாது. மீதியை மறுநாளுக்கு வைக்காமல் ஊற்றிவிடுங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது, புரையேறும். அவர்களுக்கு இது வேண்டாம். ஒரு வயதைக் கடந்த பிள்ளையின் இருமலுக்கு அரைத் தேக்கரண்டித் தேன் இதம் தரும். ஒரு வயதுக்குக் கீழே தேனும் கூடாது.

கடற்கரை ஓரத்து ஊர்களில், திருக்கோவில் பக்கமோ கல்குடா பக்கமோ, கிணற்று நீரே சிலபோது உவர்ப்பாக இருக்கும். "எங்கள் கிணற்றுத் தண்ணீரே உப்புத்தானே, அதையே கொப்பளித்தால் என்ன?" என்று ஒரு மாமி என்னிடம் கேட்டார். அந்த உவர்ப்பில் எவ்வளவு உப்பு, வேறு என்னென்ன கலந்திருக்கின்றன என்பது நமக்குத் தெரியாது. குடிப்பதற்கு எந்த நீரைப் பாவிக்கிறீர்களோ அதையே கொதிக்க வைத்துப் பாவியுங்கள்.

மூக்கைக் கழுவுதல்: இங்கே நீர்தான் முதன்மை

மூக்கடைப்பால் படுக்க முடியாதவருக்கு இது நல்ல ஆறுதல் தரும். ஆனால் கொப்பளிப்பதைவிட மூன்று மடங்கு கவனம் தேவை.

அயடீன் சேர்க்காத உப்பில் மூன்று தேக்கரண்டியும், அப்பச்சோடாவில் ஒரு தேக்கரண்டியும் எடுத்து, ஈரமில்லாத போத்தலில் கலந்து மூடி வையுங்கள். இலங்கையில் விற்கும் பொதி உப்புக்கு அயடீன் சேர்ப்பது 1995 முதல் கட்டாயமானது. அந்த அயடீன் சிலரின் மூக்கை எரிக்கும் என்பதால், அயடீன் இல்லாததைப் பாமசியில் கேட்டு வாங்குவது நல்லது. கலவையிலிருந்து அரைத் தேக்கரண்டியை 240 மில்லிலீற்றர் நீரில் கரைத்துத் தொடங்கலாம். எரிச்சல் இல்லாவிட்டால் ஒரு தேக்கரண்டி வரை கூட்டலாம்.

நீர் கொதிநிலைக்கு வந்து, குறைந்தது ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதித்து, மூடியபடியே ஆறியதாக இருக்க வேண்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் குடிப்பதற்குச் சரியாக இருந்தாலும் மூக்குக்குள் நேராக விடத் தகுந்தவை அல்ல. வயிற்றில் அமிலம் கொன்றுவிடும் உயிரிகள், மூக்கு வழியே சென்றால் மூளை வரை போகும். 2011 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கொதிக்க வைக்காத குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் நேக்லேரியா எனும் அமீபாவால் இறந்தார்கள். இது மிக அரிதாக நடப்பது. எனினும் ஒரு நிமிடக் கொதிப்பால் முற்றாகத் தவிர்க்கக்கூடிய சாவு என்பதால் இதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கைகழுவும் தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி, மேலே இருக்கும் நாசித் துவாரத்துக்குள் அமுக்குப் போத்தலால் மெதுவாக நீரைச் செலுத்துங்கள். அது மறு துவாரத்தால் வழியும். பிறகு பக்கம் மாற்றுங்கள். முடிந்ததும் மென்மையாகச் சிந்த வேண்டும். பலமாகச் சிந்தினால் நீர் காதுக்கு ஏறும். காதுவலி உள்ளவர்களும், அண்மையில் மூக்கிலோ காதிலோ சத்திரசிகிச்சை செய்தவர்களும், இரண்டு துவாரமும் முற்றாக அடைத்தவர்களும் செய்யக் கூடாது. போத்தலைக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஒருவரின் போத்தலை மற்றவர் பாவிக்கக் கூடாது.

வேது பிடிக்கும் பானைக்குள் சோடா போடுகிறவர்களும் உண்டு. சோடா ஆவியாகாது. நொச்சியிலையின் வாசனை ஆவியோடு வரும், சோடா பானையின் அடியிலேயே கிடக்கும். ஆகவே அது வீண். பிள்ளைகளைப் போர்வைக்குள் கொதிபானையுடன் இருத்துவதை அடியோடு நிறுத்த வேண்டும். பானை சரிந்தால் வரும் சுடுநீர்க் காயம் தடிமனைவிடப் பலமடங்கு கொடியது.

குடிக்கும் கதைக்கு வருவோம்

ஒரு மட்டத் தேக்கரண்டி அப்பச்சோடாவில் ஏறத்தாழ 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் உணவால் பெறும் மொத்தச் சோடியம் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடும் கூனியும் சேரும் நமது சாப்பாட்டில் அந்த அளவு ஏற்கெனவே நிறைந்திருக்கும். பிரஷர் கிளினிக்குக்குப் போகிறவர், இதய வருத்தக்காரர், சிறுநீரக நோயாளி, கர்ப்பிணி ஆகியோர் நாளுக்கு இரண்டு கிளாஸ் சோடாத் தண்ணீர் குடித்தால், அவர் விழுங்கும் மாத்திரைகளுக்கு எதிராகவே வேலை நடக்கும். கால் வீங்கி, மூச்சு முட்டி வைத்தியசாலைக்குப் போகும் நிலையும் வரலாம்.

அடுத்தது வாயு. ஒரு தேக்கரண்டி சோடா முழுவதும் வயிற்று அமிலத்துடன் சேர்ந்தால் ஒரு லீற்றருக்கும் அதிகமான காபனீரொட்சைட்டு உண்டாகும். விருந்துச் சோறு உண்டு வயிறு நிறைந்திருக்கும் வேளையில் சோடாவைக் குடித்து இரைப்பையே கிழிந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. தேசிக்காய்ச் சாற்றுடன் கலக்கும்போது நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து "மருந்து வேலை செய்கிறது" என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே நடப்பது புளியும் சோடாவும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வது மட்டுமே.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பெரியம்மா ஒருவர், வயது எழுபதைத் தாண்டியவர், மூன்று நாள் காலையும் மாலையும் சோடாத் தண்ணீர் குடித்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. நான்காம் நாள் கை விரல்கள் விறைக்கின்றன, தலை சுற்றுகிறது என்றார். இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருந்தது; சிறுநீரைக் கூட்டுவதற்காக நாளும் விழுங்கிய நீர்க்குளிசையோடு சோடாவும் சேர்ந்து அதைச் செய்திருந்தது. வைத்தியசாலை விடுதியில் இரண்டு நாள் இருந்து சுகமாகி வந்தார். தடிமனோ அதற்கு முன்பே தானாக மாறியிருந்தது.

சோடா வயிற்றின் அமிலத்தைக் குறைப்பதால் சில மருந்துகள் உடம்பில் சேர்வதும் மாறும். இரும்புச் சத்துக் குளிசை, டொக்சிசைக்கிளின் எனும் அன்ரிபயோட்டிக், உறையிட்ட அஸ்பிரின் என்பவை அவற்றுள் சில. நெஞ்செரிவுக்கு வைத்தியர் சோடாக் கலவை எழுதியிருந்தால் அவர் சொன்ன அளவிலேயே நில்லுங்கள். குழந்தைகளுக்கு எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது.

சோடாவுக்கு அப்பால் செய்ய வேண்டியவை

சாதாரண வைரஸ் தடிமன் ஏழு முதல் பத்து நாளில் தணியும். இருமல் மட்டும் இன்னும் சில நாள் இழுபடலாம். ஓய்வு, கஞ்சி, கொத்தமல்லித் தண்ணீர், இளநீர், வெதுவெதுப்பான நீர் இவையே முதல் மருந்து. காய்ச்சலுக்கும் உடல் நோவுக்கும் பரசிற்றமோல் மட்டும் போதும்: வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேற்படாமல். பிள்ளைகளுக்கு உடல் நிறையைப் பார்த்து, ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஈரல் வருத்தம் உள்ளவர் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும். அன்ரிபயோட்டிக் வைரஸைக் கொல்லாது. பழைய சீட்டை நீட்டி வாங்க வேண்டாம்.

மழைக்காலத்துக் காய்ச்சல் எல்லாமே தடிமன் என்று எண்ணுவதுதான் நமது மாவட்டங்களில் பெரிய ஆபத்து. தடிமன் பெருகும் இதே மாதங்களில் டெங்கும் பெருகுகிறது, முதல் இரண்டு நாளில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆகவே காய்ச்சலுக்கு ஐபுபுரூபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் எடுக்கக் கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். இதய வருத்தத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர் அதைப் பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பெரும்போகத்துக்கு வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலும், கெண்டைக்கால் நோவும், கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் நெல்வயல் ஊர்களிலும் இதைச் சாதாரண உடல் நோவென்று விட்டுவிடுகிறார்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை அவசியம். காசநோயைச் சோடா மறைக்கவும் மாட்டாது, மாற்றவும் மாட்டாது.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகளை எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு நோவு, உதடு நீலமாதல், குழப்பமான பேச்சு, தொடர்ந்த வாந்தி, கடும் வயிற்று நோவு, எங்கிருந்தாவது இரத்தம் கசிதல், சிறுநீர் குறைதல். பிள்ளைகளுக்கு மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள்: இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், ஒரு வயதுக்கு உட்பட்டதற்கு 50, ஐந்து வயது வரை 40 என்றால் தாமதிக்கக் கூடாது. மூச்சு எடுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபட்டாலும் அப்படியே. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியில் 94 இற்குக் கீழே காட்டினாலும் காத்திருக்க வேண்டாம். வெல்லாவெளி போன்ற உட்புற ஊர்களிலிருந்து இரவில் வாகனம் பிடிப்பது சிரமம் என்பதால், 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்தை எல்லாருடைய தொலைபேசியிலும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை.

வைத்தியரின் முன் இருக்கும்போது, எத்தனையாம் நாள் காய்ச்சல் என்பதையும், வயலில் இறங்கியதையும், வழமையாக விழுங்கும் குளிசைகளின் பெயரையும் சொல்லுங்கள். சோடாத் தண்ணீர் குடித்திருந்தால் எத்தனை நாள், எத்தனை கரண்டி என்பதையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். பெரியம்மாவின் பொட்டாசியத்தைப் பார்க்கச் சொல்லி வைத்தியர் எழுதியது, நாங்கள் அடுப்படியில் வெறும் பொதியைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான்.